'செய்வாரா' என்ற சொல்

கேள்வி: ஒருவர் மறுபடியும் குற்றம் செய்வாரா என்பதைக் கணினி 65 சதவீதம் துல்லியமாகச் சொல்லிவிடுகிறதாம். ஜாமீனுக்கும் தண்டனைக்கும் நீதிபதியின் மனநிலையை நம்புவதைவிட இது மேல் அல்லவா?

பதில்: 'செய்வாரா' என்ற அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. 'அவர் காலையில் நடப்பார்' என்றால் தினமும் நடக்கிற வழக்கமாகவும் இருக்கலாம், நாளை நடக்கப்போவதாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினைமுற்று. கேட்பவர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார். கணினி பிரிப்பதில்லை. இதே வயதும் இத்தனை பழைய வழக்குகளும் உள்ள பலர் முன்பு என்ன ஆனார்கள் என்ற வழக்கத்தை எடுத்து, எதிரே நிற்கும் ஒருவருடைய நாளையாக எழுதித் தருகிறது.

அது பார்த்துப் படித்ததும் குற்றத்தை அல்ல, கைதை. போலீஸ் ரோந்து அதிகமுள்ள தெருவில் கைது அதிகம். பிடிபடாத குற்றம் தரவில் வராது, தவறான கைது வந்துவிடும். ஜாமீன் மறுக்கப்பட்டு உள்ளே இருப்பவர் வெளியே வந்திருந்தால் ஒழுங்காக இருந்திருப்பாரா என்பது எந்தப் பதிவிலும் ஏறாது. ஆகவே அவர் விஷயத்தில் கணிப்பு பிசகியிருந்தாலும் வெளியே தெரிய வழியில்லை.

சதவீதம் என்றால் எதற்கு எதிரே என்று கேட்காமல் விடக்கூடாது. நீங்கள் சொல்லும் 65, கைதானவர் மறுபடி சிக்கும் ஆபத்துக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும் அமெரிக்காவின் 'காம்பஸ்' மென்பொருளுடையது. ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத் தரவில் இரண்டு ஆண்டுகளுக்குள் மறுபடி வழக்கில் சிக்கியவர்கள் சுமார் 45 சதவீதம். முகத்தைக்கூடப் பார்க்காமல் எல்லோருக்கும் 'சிக்கமாட்டார்' என்று எழுதினாலே 55 கிடைத்துவிடும். மென்பொருள் கூடுதலாகத் தருவது 10 புள்ளிதான். அதன் கேள்வித்தாளிலோ 137 கேள்விகள்! 2018இல் இரண்டு ஆய்வாளர்கள் வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை என்ற இரண்டை மட்டும் வைத்து அதே அளவு துல்லியம் எடுத்துக் காட்டினார்கள்.

தவறு யார் தலையில் விழுகிறது என்பது இதைவிட முக்கியம். 2016இல் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் அதே மாவட்டத் தரவை அலசியது. மறுபடி சிக்காத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம் பேர் ஆபத்தானவர்கள் என்று குறிக்கப்பட்டிருந்தார்கள். வெள்ளையரில் அது 23.5. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எந்த இனமானாலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் சிக்குகிறார்கள் என்று காம்பஸைத் தயாரித்த நிறுவனம் பதில் சொன்னது. இரண்டுமே உண்மை. இரு பிரிவுகளிலும் மறுபடி சிக்குபவர்களின் அடிப்படை விகிதம் வேறுபட்டால், பிழையே இல்லாத கணிப்பாக இருந்தாலொழிய, இரண்டு வகைச் சமத்துவத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியாது என்பது கணிதமாகவே நிறுவப்பட்டது. எதைக் கைவிடுவது என்பதைச் சட்டம் இயற்றுபவர்கள் தீர்மானிக்க வேண்டும். நிரல் எழுதுபவர் மேசையில் அது முடிவாகிவிடுவதுதான் எனக்குக் கோபம்.

நீதிபதியின் மனநிலை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அவர் காரணம் எழுதியாக வேண்டும், அந்தக் காரணத்தை மேல்முறையீட்டில் உடைக்கலாம். காம்பஸ் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பது வணிக ரகசியம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் காம்பஸைப் பயன்படுத்த அனுமதித்தபோதுகூட, தண்டனையைத் தீர்மானிக்கும் காரணமாக மதிப்பெண் இருக்கக்கூடாது, அது குழுவின் தரவு என்ற எச்சரிக்கையும் உடன் வரவேண்டும் என்றது. அந்த எச்சரிக்கையில் இன்னொரு வரியும் வேண்டும்: மதிப்பெண் 8 என்றால் 80 சதவீத வாய்ப்பு என்று பொருளல்ல. ஒப்பீட்டுக் குழுவைப் பத்துப் பங்காக்கி வரிசைப்படுத்தினால் இவர் எட்டாம் பங்கில் நிற்கிறார், அவ்வளவுதான்.