கேளுங்க சிஸ்டர்: ஒண்ணுமே தோணாத செபமும் சிலுவையோட ஜெயமும்

தவக்காலம் வந்தாலே மௌன செபத்தைப் பத்தி நிறைய லெட்டர் வரும். இந்த தடவை வந்ததுல அஞ்சு எடுத்திருக்கேன், அதுல ரெண்டுக்கு கொஞ்சம் நீளமாவே எழுத வேண்டியிருந்துச்சு.

கேள்வி: சிஸ்டர், தோத்திரம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தியானத்துல மௌன செபம் சொல்லிக் கொடுத்தாங்க. ஆரம்பத்துல அவ்ளோ நல்லா இருந்துச்சு, பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தாலே கண்ணுல தண்ணி வந்துடும். இப்போ ஆறேழு மாசமா காலைல அஞ்சு மணிக்கு உக்கார்றேன், ஒண்ணுமே இல்ல. வசனத்தை எடுத்து யோசிச்சாலும் ஓட மாட்டேங்குது, கேஸ் புக் பண்ணினோமா, பொண்ணுக்கு ஃபீஸ் என்னைக்கு கட்டணும்னு மனசு அதுபாட்டுக்கு போகுது. எங்க அன்பியத்துல (பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க கூடி செபிக்கிற குழு) ஒரு அக்கா "உனக்குள்ள ஏதோ தடை இருக்கு, முதல்ல அதை ஜெயி"ங்கிறாங்க. விட்டுடலாமா?
(இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: விட்டுடாதீங்கம்மா. 16ஆம் நூற்றாண்டுல ஸ்பெயின்ல கன்னிகாஸ்திரியா இருந்த புனிதை அவிலா தெரேசம்மா ஒரு காலத்துல செபத்துக்கு உக்கார்ந்தா எப்போடா மணி அடிக்கும், இந்த ஒரு மணி நேரம் எப்போ முடியும்னுதான் காதைத் தீட்டி வச்சுட்டு இருந்தாங்களாம், அவங்களே தன் வாழ்க்கைக் கதையில எழுதி வச்சிருக்காங்க. அது மட்டுமில்ல, 18 வருஷம் கையில ஒரு புத்தகம் இல்லாம அவங்களால செபத்துக்கு உக்காரவே முடியல, நற்கருணை வாங்கின நேரம் தவிர. திருச்சபை மறைவல்லுநர்னு பட்டம் கொடுத்த செபத்தோட டீச்சரே இப்படித்தான் இருந்திருக்காங்க.

நீங்க சொல்ற இந்த வறட்சியை ரொம்ப நுணுக்கமா எழுதினவர் அவங்களோட சேர்ந்து கார்மேல்ங்கிற துறவற சபையைச் சீர்திருத்தின சிலுவை யோவான். தியானம் நின்னுபோய் அதைவிட ஆழமான ஒண்ணு ஆரம்பிக்குதான்னு கண்டுபிடிக்க மூணு அடையாளம் சொல்றார். முன்ன மாதிரி கற்பனை பண்ணவோ யோசிக்கவோ முடியாது, அது ஒண்ணு. அதுக்காக வேற எதுலயாவது மனசை வேணும்னே மேய விடணும்னும் ஆசை இருக்காது (மனசு தானா ஓடுறது வேற, நாம ஓட விடுறது வேற, உங்க கேஸ் சிலிண்டர் முதல் வகைதான்). மூணாவதுதான் முக்கியம், எதையும் குறிப்பா நினைக்காம கடவுளோட தனியா சும்மா அன்போட இருக்கிறது உள்ளுக்குள்ள பிடிக்கும். மூணும் சேர்ந்து இருக்கணும்ங்கிறார். நீங்க ஆறேழு மாசமா ஒண்ணும் கிடைக்காமலே அஞ்சு மணிக்கு எழுந்திருக்கீங்களே, பிடிக்காத இடத்துக்கு யாரும்மா அப்படி எழுந்து போவாங்க? மூணாவது அடையாளம் உங்ககிட்ட இருக்குனுதான் எனக்குத் தோணுது.

இந்த நேரத்துல பழைய உருக்கத்தை எப்படியாவது திரும்பக் கொண்டு வரணும்னு நாம முட்டி மோதுவோம். அதுக்கு அவர் ஒரு உவமை சொல்றார், ஓவியர் ஒருத்தரோட முகத்தை வரைஞ்சிட்டு இருக்கும்போது அந்த ஆள் எதையாவது செய்யணும்னு அசைஞ்சுக்கிட்டே இருந்தா ஓவியர் வேலையே கெட்டுப் போகும். அசையாம இருக்கிறதுதான் அப்போ நம்ம வேலை, வரைய வேண்டியவர் வரைஞ்சுப்பார்.

இதை அவர் சொகுசா உக்கார்ந்து எழுதலம்மா. 1577 டிசம்பர்ல அவரோட சொந்த சபை துறவிகளே, சீர்திருத்தம் பிடிக்காம, அவரைப் பிடிச்சுட்டுப் போய் டொலேடோவுல ஒரு சின்ன அறையில ஒன்பது மாசம் அடைச்சு வச்சாங்க, வெளிச்சம்கூட சரியா இல்லாத அறை, சாப்பாட்டு அறையில எல்லார் முன்னாடியும் சாட்டையடி. 1578 ஆகஸ்ட்ல போர்வையைக் கிழிச்சு முடிச்சுப் போட்டு ஜன்னல் வழியா இறங்கித் தப்பிச்சார். அந்த இருட்டுலதான் அவரோட மிக அழகான காதல் கவிதை பிறந்துச்சு, அதுவும் கடவுளைத் தேடி அலையிற மணமகளோட குரல்ல. உணர்ச்சி வத்திப் போன இடத்துலயும் அன்பு வத்தலன்னு அவர் சொன்னா நான் நம்புவேன்.

சிலுவையடியில யோவான் நற்செய்தி மாதாவைப் பத்தி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லுது, நின்றுகொண்டிருந்தார்னு. அழுதாங்க, ஆறுதல் கிடைச்சுது, காட்சி கண்டாங்கன்னு ஒரு வரி இல்ல. கல்வாரியில மாதா செஞ்ச செபம் அந்த நிக்கிறதுதான். நீங்களும் தினம் காலைல அதையேதான் செய்றீங்க. "தடையை ஜெயி"ன்னு அந்த அக்கா அன்பாத்தான் சொல்லியிருப்பாங்க, ஆனா ஜெயிக்க வேண்டியவர் ஏற்கனவே ஜெயிச்சுட்டார், நாம அவர் பக்கத்துல நிக்கிறோம். உருக்கம் வந்தா நன்றி சொல்லி வாங்கிக்கோங்க, வரலைன்னா நீங்க இடம் மாறிட்டதா அர்த்தம் இல்ல.

ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோங்க. செபம் மட்டும் இல்லாம சாப்பாடு, தூக்கம், பிள்ளைங்களோட பேசுறது எல்லாமே வெறுத்துப் போச்சுன்னா அது வேற, தயங்காம டாக்டரைப் பாருங்க. மனச்சோர்வும் இதுல கலந்து வரலாம்னு சிலுவை யோவானே 16ஆம் நூற்றாண்டுல எழுதியிருக்கார்.

கேள்வி: சிஸ்டர், நான் சிஎஸ்ஐ, அத்தை வீட்ல உங்க பத்திரிகை படிப்பேன். போன வருஷம் அப்பாவுக்கு கேன்சர். உபவாசம், சங்கிலி ஜெபம் எல்லாம் பண்ணினோம், "சிலுவையில ஜெயம் வாங்கியாச்சு, அதை கிளெய்ம் பண்ணுங்க"ன்னு வந்தவங்க எல்லாம் சொன்னாங்க, நாங்களும் அப்படியே பண்ணினோம். அப்பா இறந்துட்டார். காரியம் முடிஞ்ச அப்புறம் ஒருத்தர் அம்மாகிட்டயே "விசுவாசத்துல எங்கயோ குறை இருந்திருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனார். இப்போ ஜெபிக்க முழங்கால் போட்டா எனக்கு வார்த்தையே வரல. ஜெயம்னா என்ன சிஸ்டர்?
(இளைஞர், சென்னை)

பதில்: தம்பி, அப்பா போனதுக்கு உங்க விசுவாசம் காரணம் இல்ல, அம்மாவோடதும் இல்ல. அந்த வார்த்தை உங்க வீட்ல வந்து விழுந்ததே தப்பு, அதை வீட்டுக்குள்ள வச்சுக்க வேண்டாம், இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடுங்க. நோய்ல இருக்கவங்களுக்காக அழுது கேக்கிறது சரிதான், இயேசுவே கெத்சமனியில கேட்டார், பாத்திரம் நீங்கட்டும்னு. அந்த பாத்திரம் நீங்கல. அவருக்கு விசுவாசக் குறைவுன்னு யார் சொல்லுவாங்க?

இப்போ ஜெயம். உங்க பைபிள்ல யோவான் 19:30ல "முடிந்தது"ன்னு இருக்கும், எங்க திருவிவிலியத்துல "எல்லாம் நிறைவேறிற்று"ன்னு இருக்கும். கிரேக்கத்துல ரெண்டும் ஒரே வார்த்தைதான். ரெண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சுப் பாருங்க. ஒண்ணு மூச்சு நின்ன மாதிரி கேக்குது, இன்னொண்ணு வேலையை முழுசா செஞ்சு முடிச்சவர் சொல்ற மாதிரி கேக்குது. கீழ நின்னவங்களுக்கு முதல்ல சொன்னதுதான் தெரிஞ்சுது, உங்க வீட்ல உங்களுக்கும் இப்போ அதுதான் தெரியுது, அதுல தப்பே இல்ல.

கொலோசெயர் 2:15ல பவுல் சொல்றார், துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் உரிஞ்சு, வெளியரங்கமான கோலமாக்கி, சிலுவையிலே வெற்றி சிறந்தார்னு. ரோமத் தளபதி யுத்தத்துல ஜெயிச்சு வந்தா தோத்தவங்களை ஊர்வலமா இழுத்துட்டுப் போவாங்க, வேடிக்கை காட்ட. பவுல் கண்ணுல அந்த ஊர்வலம்தான் இருக்கு. ஆனா அன்னைக்கு எருசலேம்ல பார்த்தவங்களுக்கு உரியப்பட்டது இயேசுவோட துணி, வேடிக்கை ஆனது அவரோட உடம்பு. பவுல் அதைத் தலைகீழா பார்க்கிறார். அத்தனை அதிகாரமும் சேர்ந்து அடிச்சும் அவரை அன்பு செய்றதுல இருந்து நிறுத்த முடியல, அறைஞ்சவங்களுக்காகவே மன்னிப்பு கேட்டார், பக்கத்துல தொங்கினவனுக்கு பரதீசு கொடுத்தார், அம்மாவுக்கு ஒரு வீடு ஏற்பாடு பண்ணினார். சாவோட கடைசி ஆயுதமே பரலோகத் தகப்பன்கிட்ட இருந்து நம்மைப் பிரிக்கிறதுதான், அது அவர்கிட்ட செல்லல. அந்த ஜெயத்துக்கு தகப்பன் போட்ட கையெழுத்துதான் மூணாம் நாள். அப்பவும் பாருங்க, உயிர்த்த உடம்புல காயம் மறையல, தோமாவை அங்கதான் கை வைக்கச் சொன்னார்.

ரோமர் 8ஐ மெதுவா படிங்க. உபத்திரவமோ, வியாகுலமோ, பசியோ, நிர்வாணமோ, பட்டயமோன்னு அடுக்கிட்டு, "இவையெல்லாவற்றிலேயும்" ஜெயங்கொள்ளுகிறோம்னு எழுதுறார். எல்லாத்துக்கும் தப்பிச்சு வந்து ஜெயிக்கிறோம்னு எழுதல தம்பி, அதுக்குள்ளேயேன்னு எழுதுறார். நான் பதினோரு வருஷம் சாகப் போறவங்க இருக்கிற ஒரு வார்டுல வேலை பார்த்தேன். ஒரு தாத்தா, வலியில புரண்டுட்டு இருந்தவர், ராத்திரி ரெண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு பக்கத்து பெட் பையனுக்கு போர்வை விலகியிருக்கு, இழுத்து விடும்மான்னார். காலைல அவர் இல்ல. நான் பார்த்த ஜெயம் அப்படித்தான் இருந்துச்சு.

எடித் ஸ்டெயின் பேரு கேள்விப்பட்டிருப்பீங்களோ என்னவோ. யூதப் பெண், தத்துவம் படிச்சவங்க, 1922ல ஞானஸ்நானம், 1933ல கார்மேல் மடம். ஹாலந்துல எக்ட் மடத்துல இருந்தப்போ சிலுவை யோவானைப் பத்தி, சிலுவையை ஒரு ஞானமா படிக்கிறதைப் பத்தி ஒரு புத்தகம் எழுதிட்டு இருந்தாங்க. 1942 ஆகஸ்ட் 2ஆம் தேதி நாஜிக்கள் வந்து அவங்களையும் கூடவே இருந்த அக்கா ரோசாவையும் கூட்டிட்டுப் போனாங்க, ஆகஸ்ட் 9 அவுஷ்விட்ஸ்ல கொலை. இடையில இருந்த முகாம்ல, தாய்மார் பயத்துல உறைஞ்சுபோய் பிள்ளைங்களைக் கவனிக்க முடியாம கிடந்தப்போ, இவங்கதான் அந்தப் பிள்ளைங்களைக் குளிப்பாட்டி தலை வாரி சாப்பாடு கொடுத்தாங்கன்னு அங்க இருந்து பிழைச்ச ஒருத்தர் சாட்சி சொல்லியிருக்கார். வருஷக்கணக்கா மௌனமா உக்கார்ந்த செபம் அந்த ஒரு வாரத்துல எங்க போய் நின்னுச்சு பாருங்க.

உங்களுக்கு வார்த்தை வரலன்னா தேட வேண்டாம். ஒரு சின்ன சிலுவையை உள்ளங்கையில வச்சு மூடிக்கோங்க, பத்து நிமிஷம் அதோட இருங்க. கோபம் வந்தா கோபத்தோடயே இருங்க. "ஏன் என்னைக் கைவிட்டீர்"னு அவர் தொங்கிட்டே கத்தினது சங்கீதம் 22ஓட முதல் வரி, அந்தச் சங்கீதம் துதியில போய் முடியுது, ஆனா முதல் வரியைத் தாண்டி அவர் குதிக்கல. நீங்களும் குதிக்க வேண்டாம். நமக்காக ஆவியானவர் வாக்குக்கு அடங்காத பெருமூச்சோட வேண்டுதல் பண்றார்னு அதே ரோமர் 8ல இருக்கு, உங்க மூச்சையும் அவர் அதுல சேர்த்துப்பார். அம்மாவும் பக்கத்துல வந்து உக்கார்ந்தா இன்னும் நல்லது.

கேள்வி: "மாரநாதா"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லி தியானம் பண்றாங்களே, இது இந்து மந்திரம் மாதிரி இல்லையா சிஸ்டர்? கிறிஸ்தவங்க செய்யலாமா?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: மாரநாதா அரமேய வார்த்தை, "ஆண்டவரே வாரும்"னு அர்த்தம், 1 கொரிந்தியர் கடைசி அதிகாரத்துல பவுலே எழுதுறார். இந்த முறையை நம்ம காலத்துல பரப்பின ஜான் மெயின்ங்கிற ஆசிர்வாதப்பர் சபைத் துறவி முதன்முதல்ல தியானம் கத்துக்கிட்டது 1950கள்ல மலாயாவுல ஒரு இந்து சுவாமிகிட்டதான், அதை அவர் மறைச்சதும் இல்ல. ஆனா அப்புறம் காசியான்ங்கிற பழைய காலத்துத் துறவி எழுதினதைப் படிச்சா எகிப்து பாலைவனத்து துறவிகள் அதுக்கும் 1500 வருஷத்துக்கு மேல முன்னாடியே, கடவுளே எனக்குத் துணை செய்ய வாரும்ங்கிற ஒரே சங்கீத வரியை நாள் முழுக்க நெஞ்சுல வச்சிருந்தாங்கன்னு இருக்கு. கீழைத் திருச்சபைல இயேசுவோட பேரைச் சொல்லிச் சொல்லியே செபிப்பாங்க. யாரை நோக்கிச் சொல்றோம்ங்கிறதுதான் விஷயம். வார்த்தைக்கு தனியா சக்தி இருக்குன்னு நினைச்சா அங்க நில்லுங்க.

கேள்வி: வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர எட்டு மணி ஆயிடுது, கோயில்ல சிலுவைப்பாதைக்குப் போக முடியல. வீட்ல தனியா செய்யலாமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தாராளமா. ஆனா 14 ஸ்தலத்தையும் ஓட்டமா ஓடி முடிக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒண்ணு போதும், இயேசுவோட முகத்தைத் துடைச்ச வெரோனிக்காகிட்டயே ஒரு வாரம் நின்னாலும் நின்னுக்கோங்க. படத்தைப் பாருங்க, அந்த இடத்துல நீங்க யாரு பக்கத்துல நிக்கிறீங்கன்னு பாருங்க, அப்புறம் இயேசு சபையைத் தொடங்கின லொயோலா இஞ்ஞாசியார் சிலுவை முன்னாடி கேக்கச் சொன்ன மூணு கேள்வியைக் கேளுங்க: கிறிஸ்துவுக்காக நான் என்ன செஞ்சேன், என்ன செய்றேன், என்ன செய்யணும். பதில் உடனே வரணும்னு இல்ல. புனித வெள்ளிக்கு மட்டும் எப்படியாவது கோயிலுக்குப் போயிடுங்க. அன்னைக்கு சாமியார் கறுப்பு போடாம சிவப்பு உடுத்தியிருப்பார், வாசிக்கிறதும் எப்பவும் யோவான் எழுதின பாடுகள்தான், பிடிக்க வந்தவங்க பின்வாங்கித் தரையில விழுற, தன் சிலுவையைத் தானே சுமந்துட்டு ராஜா மாதிரி நடக்கிற இயேசு. சிலுவையை முத்தி செய்யும்போது அதை மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: பெரிய வியாழன் ராத்திரி நற்கருணை முன்னாடி உக்கார்ந்தா எனக்கு தூக்கம் சொக்குது சிஸ்டர், நைட் ஷிப்ட் உடம்பு. பாவமா?
(செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், திருச்சி)

பதில்: பாவம் இல்லண்ணே. குழந்தை தெரேசாவும் (மேல சொன்ன அவிலா தெரேசம்மா இல்ல, பிரான்ஸ்ல இருந்த இன்னொரு கார்மேல் சிஸ்டர்) செபத்துல தூங்கி விழுந்தவங்கதான், பிள்ளைங்க தூங்கினாலும் முழிச்சிருந்தாலும் பெத்தவங்களுக்கு ஒரே பிரியம்தான்னு எழுதியிருக்காங்க. முதல் வரிசையில உக்காராம தூண் ஓரமா சாய்ஞ்சு உக்காருங்க. கண்ணு சொக்கினா சொக்கட்டும், முழிச்சதும் "இங்கதான் இருக்கேன் ஆண்டவரே"ன்னு சொல்லிட்டு மறுபடி உக்காருங்க. வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டி ஓட்டாதீங்க, யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.