நடுவில் எட்டுப் பக்கம்

வணக்கம் ஐயா,

எனக்கு ஊர் அவிநாசி. கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர தினமும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் சமீபமாக ஆங்கில ரொமான்ஸ், ஃபேண்டஸி நாவல்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' ரொம்பப் பிடித்தது. நாயகி வயலட் செத்தால் அவள் டிராகன் சாகும், அது செத்தால் அதன் ஜோடி டிராகன் சாகும், அதோடு அந்த ஜோடி டிராகனில் ஏறுகிற நாயகன் சேடனும் சாகக்கூடும் என்று நான்கு உயிர்களை ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார். இப்படி ஒரு கற்பனையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' பரவாயில்லை. ஆனால் நோராவும் சார்லியும் சேர்ந்துவிடுவார்கள் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. முடிவு தெரிந்த கதையை எதற்கு அத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்று எரிச்சலாக இருந்தது.

என் அம்மாவும் ரொமான்ஸ் படிப்பார். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில், செல்போனில், தமிழ்த் தொடர்கதைகள். ஹீரோ அறைவான், ஹீரோயின் அழுவாள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். அந்தக் குப்பைக்கு நான் படிப்பது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் தளத்தைப் படிக்கும்போது, நேரத்தை வீணடிக்கிறேனோ என்று கூச்சமாக இருக்கிறது. தமிழில் இந்த வகையில் நல்ல நாவல்கள் உண்டா? ஒரு பட்டியல் தர முடியுமா?

ஒரு வாசகி, அவிநாசி

*

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் ஊரிலிருந்து திரும்பியிருந்தேன். எங்கள் ஊர் அண்ணன்மார் கோயிலில் படுகளம், அண்ணன்மார் களத்தில் விழுந்து எழுகிற சடங்கு. இரண்டு ராத்திரி தூக்கமில்லை, காதில் உடுக்கைச் சத்தம் அடங்கவில்லை. அந்த நிலையில் 'முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும்' என்ற வரியைப் படித்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் கூச்சம். பஸ்ஸில் கிடைக்கிற இரண்டு மணி நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுக்கிற ஆள் எதற்குக் கூச வேண்டும்? இது இத்தோடு போகட்டும்.

'ஃபோர்த் விங்' என் மகள் கொடுத்து நானும் படித்தேன். என்னைப் பிடித்து வைத்தது டிராகன்கள் அல்ல, வயலட்டின் மூட்டுகள். ஏடுகளோடு எழுத்தராக இருந்துவிடலாம் என்று வளர்ந்த பெண்ணை, தளபதியாக இருக்கிற அவள் அம்மாவே டிராகன் வீரர்களின் பிரிவுக்குத் தள்ளிவிடுகிறாள். தொட்டால் மூட்டு நழுவுகிற உடம்பு. டிராகன் முதுகில் நிற்காமல் வழுக்கி விழுகிறவளுக்குக் கடைசியில் சேணம் செய்து கொடுக்கிறார்கள். யாரோஸுக்கே அந்த மாதிரி இணைப்புத்திசு நோய் உண்டு. வலி எங்கே தொடங்கி எங்கே போகும் என்று உடம்பால் தெரிந்தவர் எழுதியது என்பது படிக்கும்போதே தெரிகிறது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முடிச்சுப் போட்ட உயிர்களைப் பார்த்தீர்கள், மூட்டைப் பார்க்கவில்லை. இன்னொரு முறை படியுங்கள்.

அந்த முடிச்சுக்கு வருகிறேன். வேறெங்கும் பார்த்ததில்லை என்கிறீர்கள். அவிநாசியில் பிறந்து வளர்ந்த பெண் இப்படிச் சொல்லலாமா? நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை நினைத்துப் பாருங்கள். பொன்னர், சங்கர், தங்கை தங்காள். அண்ணன்மாருக்குப் பதினாறு வயசுதான் ஆயுள் என்று பிறக்கும்முன்பே விதித்தாகிவிட்டது. சங்கர் களத்தில் தன் வாளிலேயே பாய்ந்து சாய்கிறான். தம்பி போன பிறகு பொன்னருக்கு ஒரு நாழிகை இருப்புக்கொள்ளவில்லை, அவனும் சாய்கிறான். அப்புறம் தங்காள் அந்தக் களத்தைத் தேடிப் போய், கிடக்கிறவர்களை எழுப்புகிறாள். வாள் அண்ணன்மார் கையில், மந்திரம் தங்கையிடம். பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் 1965-இல் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தார். 1982-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு 'மூன்று இரட்டையர்' என்று பொருள்படும்படி தலைப்பு வைத்தார். இரட்டையர் எப்படி மூன்று பேராக முடியும்? தங்காளையும் சேர்த்து எண்ணினால் முடியும். இங்கேயே பிறந்த நம்மில் பலருக்கு, இது அண்ணன்மார் கதை, அவ்வளவுதான். (இந்தக் கதை, எதிரிகளாக வருகிற வேட்டுவர்களைச் சொல்கிற விதத்தில் எனக்குப் பெரிய மனக்கசப்பு உண்டு. அதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.)

இப்போது முடிவு தெரிவது பற்றி. படுகளத்தன்று கோயில் முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவிகளில் ஒருத்திக்காவது முடிவு தெரியாதா? பிள்ளையாக மடியில் படுத்துக் கேட்டது, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டது, இப்போது பேரனை வைத்துக்கொண்டு கேட்கிறது. அண்ணன்மார் சாகப்போவது அவர்களுக்கு எப்போதும் தெரியும். அவர்கள் அழத் தொடங்குவது சாவில் அல்ல. தங்காள் கெட்ட கனவு கண்டு, போக வேண்டாம் அண்ணா என்று தடுக்கிறாளே, அங்கே. அண்ணன் போய்விடுவான் என்று தெரிந்திருப்பதால்தான் அவள் தடுக்கிற ஒவ்வொரு சொல்லும் கேட்கிறவரை அறுக்கிறது. முடிவு தெரியாமல் கேட்கிறவனுக்கு அந்த இடம் வெறும் தகவல், போவானா மாட்டானா என்ற படபடப்பில் கடந்து போய்விடுவான். பிறகு அருள் வந்து ஆண்கள் களத்தில் விழுகிறார்கள். மேலே துணி போர்த்துகிறார்கள். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் அந்தத் துணி அசைகிற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. இந்த வருஷமும் நான் விடவில்லை.

நீங்கள் எரிச்சலோடு மூடி வைத்த நாவலின் நோராவும் இந்தக் கிழவிகளின் கட்சிதான். அவள் இலக்கிய முகவர், புத்தகமே பிழைப்பு. நகரத்துக்காரன் சின்ன ஊருக்குப் போய் அங்கே ஒருத்தியைக் கண்டு நகரத்துக் காதலியைக் கைவிடுகிற கதைகள் அவளுக்கு மனப்பாடம், அந்தக் கைவிடப்பட்ட காதலியாக அவளே இருந்திருக்கிறாள். கதையின் போக்கு தெரிந்த ஒருத்தி அந்தக் கதைக்குள்ளேயே எப்படி நடந்து போகிறாள் என்பதுதான் நாவல். சேர்வார்களா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் அத்தை. அப்பாவின் தங்கை. இருபத்து மூன்று வயதில் புருஷனை இழந்து, வெள்ளைச் சேலையோடு பிறந்த வீட்டுக்கு வந்தவர். காங்கேயம் பக்கம் எங்கள் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில்தான் இருந்தார். எட்டு மாடுகள் அவர் பொறுப்பு. எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் பின்னாலேயே நடந்து மேய்க்க வேண்டியதில்லை. அந்த வேலிதான் அத்தைக்குப் படிக்க நேரம் கொடுத்தது. வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து பொழுது சாய்கிற வரைக்கும் மாத நாவல்கள் படிப்பார்.

புத்தகம் கொண்டுவருவது என் வேலை. 1984-இல் எனக்குப் பதிமூன்று வயது. ஒன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் டவுனில் ஒரு வாடகைப் புத்தகக் கடை. நூறு கை மாறிய புத்தகங்கள். அட்டை இருக்காது, பெரும்பாலும் கடைசிப் பக்கங்களும் இருக்காது. முதல் முறை அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டுப் பயந்துகொண்டே நின்றேன். அத்தை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடைசியில அவன் இவளைக் கட்டிக்குவான். அது எனக்குத் தெரியாதாக்கும்? நீ போய் வேலையைப் பாரு கண்ணு."

ஆனால் ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். முகமே சரியில்லை. "நடுவுல எட்டுப் பக்கத்தைக் காணோம் சாமி. இவ கோவிச்சுக்கிட்டு அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. பக்கத்தைத் திருப்புனா ரெண்டு பேரும் கோயில்ல நிக்கறாங்க. அவன் எப்படிக் கூப்புட்டான், இவ என்ன சொன்னா, ஒண்ணும் தெரியல. போயிட்டு வந்துரு."

மறுநாள் போனேன். கடைக்காரர் சத்தம் போட்டார். அதே நாவலின் இன்னொரு பிரதி இருந்தது, ஆனால் இன்னொரு வாடகை இல்லாமல் தர மாட்டேன் என்றார். என்னிடம் காசில்லை. நின்றபடியே அந்த எட்டுப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே சைக்கிள் மிதித்து வந்து, மரத்தடியில் அத்தைக்கு ஒப்பித்தேன். அவன் மழையில் நனைந்துகொண்டு அவள் வீட்டு வாசலில் நின்றது, அவள் துண்டை எடுத்துவந்து கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனது. "அப்புறம்?" "அப்புறம்?" மறந்துபோன ஓர் இடத்தில் நானாக ஒரு வசனம் போட்டேன். "அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்" என்றார் அத்தை. சொல்லியிருக்கவில்லைதான்.

கல்லூரிக்குப் போன பிறகு உங்களைப் போலவே எனக்கும் இந்த மேல், கீழ் எண்ணம் வந்தது. அத்தையை நல்ல வாசகியாக்குகிறேன் என்று ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலைக் கொடுத்தேன். 1942-இல் வந்தது. கொங்கு மண்ணின் பேச்சும் காடும் முதன்முதலாக நாவலாக ஆனது அதில்தான் என்று இன்றும் சொல்வேன். புருஷனை இழந்த நாகம்மாள், கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அந்தப் பங்கு கடைசியில் ஒரு கொலையில் போய் முடிகிறது. அத்தை இரண்டே நாளில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா இது நம்மூட்டுக் கதை கண்ணு. இதை நான் புஸ்தகத்துல வேற படிக்கோணுமா?" அத்தைக்கும் பிறந்த வீட்டில் பங்கு கிடையாது. பெண்களுக்கும் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தினார்கள். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது அன்று பொருந்தவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வரப்புப் போட்டுத் தோட்டத்தைப் பிரித்துக்கொண்டபோது அத்தை மாட்டுக் கட்டுத்தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் 'நாகம்மாள்' படி என்று சொன்னேன். அந்த நாவலின் மேல் எனக்குள்ள மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. அத்தை அதைத் திருப்பிக் கொடுத்ததும் சரிதான்.

இனி, நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதிய அந்த நான்கு வரி. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அறைகிற ஹீரோ எனக்கும் ஆகாது. அப்படி எழுதுகிறவர்களை நேரிலேயே கண்டித்திருக்கிறேன். ஆனால் உங்கள் சேடன் யார்? வயலட்டைக் கொல்ல எல்லாக் காரணமும் உள்ளவன், கொன்றுவிடுவான் என்று அவளே முதலில் பயப்படுகிறவன். அந்தப் பயத்தில்தான் உங்கள் ஆசை சூடேறுகிறது. அம்மா படிக்கும் கதையில் அதே பயம் ஈரோட்டுப் பங்களாவில் நடக்கிறது, உங்கள் கதையில் போர்க் கல்லூரியில் நடக்கிறது. ஆங்கிலத்தில் அச்சானதும் ஒன்று நாவலாகிவிட்டது, தமிழில் செல்போனில் வந்ததால் இன்னொன்று குப்பையாகிவிட்டது. இந்தத் தராசை எங்கே வாங்கினீர்கள்? அம்மா அந்தப் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று சம்பாதித்த காசில்தானே நீங்கள் இந்த ஆங்கிலத்தைப் படித்தீர்கள்?

அவிநாசியிலிருந்து காலையில் இரண்டு பஸ் கிளம்புகிறது. ஒன்று கிழக்கே திருப்பூருக்கு, ஒன்று மேற்கே கோவைக்கு. இரண்டிலும் ஜன்னலோரம் ஒரு பெண் காதல் கதை படித்துக்கொண்டு போகிறாள். ராத்திரி இருவரும் ஒரே சமையலறையில் சாப்பிடுகிறீர்கள். அம்மா படிக்கும் கதையில் இப்போது எந்த இடம் ஓடுகிறது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

அத்தைக்குக் கடைசி நாட்களில் கண்புரை. ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் கட்டிலோரம் உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். பழைய மாத நாவல்கள்தான், கோவையில் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பிடித்தவை. அந்த மழை நாவலும் ஒருமுறை கிடைத்தது, முழுப் பக்கங்களோடு. கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார். "அது கிடக்கட்டும். அவ துண்டைத் திண்ணையில வெச்சுட்டுப் போனாளே, அதை இன்னொருக்கா படி."

பட்டியல் கேட்டிருந்தீர்கள். அடுத்த கடிதத்தில் தருகிறேன். அதற்குள் அம்மா என்ன தொடர் படிக்கிறார், எந்த அத்தியாயத்தில் இருக்கிறார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.