பயப்படுகிற நாளில்

அன்புள்ள அண்ணாச்சி, ஸ்தோத்திரம்.

எனக்கு 46 வயது. பள்ளி ஆசிரியை. இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர் பயாப்சி எடுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லை. ஜெபக்குழுவில் சொன்னேன். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை, பயப்படுவது விசுவாசக் குறைவு" என்கிறார்கள். 21 நாள் உபவாசம் இருந்து, 91ஆம் சங்கீதத்தைத் தினமும் ஏழு தடவை அறிக்கையிட்டு, அதற்கப்புறம் பயாப்சிக்குப் போகலாமாம். நீங்கள் கோயிலுக்கே போவதில்லை என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் உங்களிடம் கேட்கத் தோன்றியது. மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதப்போகிறாள். அவளிடம் இதை இப்போது சொல்லலாமா?

ஆர்., பாளையங்கோட்டை

அன்புள்ள ஆர்.,

முதலில் பயாப்சிக்குத் தேதி வாங்குங்கள். இந்த வாரமே. மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் கோயிலுக்குப் போகிறேனா இல்லையா என்பது எனக்கும் எங்கள் சபைப் போதகர் ஐயருக்கும் உள்ள வழக்கு. அதை விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. போன மாதம்தான் நாசரேத் பக்கம் எங்கள் பழைய வீட்டை விற்றோம். சாமான்களைப் பங்கு வைத்தபோது, வேறு யாரும் கேட்காததால் தாத்தாவின் வேதாகமம் என்னிடம் வந்தது. தாத்தா தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னச் சபைக்கு உபதேசியார். அட்டை போய்விட்டது. யாத்திராகமத்தைப் பாதி கரையான் தின்றிருக்கிறது. நான் முதலில் புரட்டியது 91ஆம் சங்கீதத்தை. எந்த வீட்டு வேதத்திலும் அந்தப் பக்கத்தில்தான் எண்ணெய்க் கறை படிந்திருக்கும். இதில் சுத்தமாக இருந்தது. கறை இருந்தது 56இல். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." ஓரத்தில் காப்பியிங் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். எண்ணினேன். 14.

பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாற்பதுகளில் ஊரில் வாந்திபேதி வந்தபோது, சொந்தக்காரர்களே தொடப் பயந்த பிரேதங்களைத் தாத்தாதான் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு அடக்கம் செய்தார். திரும்பி வந்தால் பாட்டி அவரை வாசல் வேம்பைத் தாண்ட விடமாட்டாள். அங்கேயே வெந்நீர்க் குளியல், கட்டியிருந்த வேட்டி கொதிக்கிற பானைக்குள், அதற்கப்புறம்தான் திண்ணை. கஞ்சிக் கும்பாவைத் தூக்கினால் கை நடுங்கி மாற்று வேட்டியிலும் சிந்துமாம். "இம்புட்டு பயப்படுதிய, பொறவு எதுக்குப் போறிய?" என்று பாட்டி கேட்டால், "நான் போகலைன்னா குழியை யாரு வெட்டுவா?" என்பாராம். அந்த 14 கோடும் 14 குழிகளா, எனக்குத் தெரியாது. கேட்க இப்போது ஆள் இல்லை.

இந்த மனிதரை உங்கள் ஜெபக்குழு என்ன சொல்லியிருக்கும்? விசுவாசக் குறைவு. கெத்செமனேயில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு எழுதுகிறார். அவருக்கும் குறைவுதானா? உங்களிடம் அவர்கள் சொன்ன வசனத்தையே முழுசாகப் படித்துப்பாருங்கள். பலமும் அன்பும் என்று தொடங்கி, "தெளிந்த புத்தியுமுள்ள ஆவி" என்று முடிகிறது. ஆசிரியை நீங்கள். ஒரு பையன் பாதிப் பதிலை எழுதிவிட்டு முழு மார்க் கேட்டால் போடுவீர்களா?

இனி அந்த 91. அருமையான சங்கீதம். அம்மா சாகக் கிடந்தபோது நானும் அதைத்தான் வாசித்தேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பிசாசு வேதத்தைத் திறந்து வசனம் சொல்கிற கதை ஒன்றே ஒன்றுதான் உண்டு. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "தாழக்குதியும்" என்கிறானே, அங்கே. எந்த வசனம் சொல்கிறான்? தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்கிற வசனம். 91ஆம் சங்கீதம்! வேதத்தில் இத்தனை வசனம் இருக்க, ஆளைக் கீழே தள்ள அவன் பொறுக்கியெடுத்தது அதைத்தான். வசனத்தில் பிழை ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிக் குதிக்கச் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று பதில் வந்தது. கட்டியை 21 நாள் காக்கவைத்து, ஏழு ஏழாக எண்ணி வாசிப்பது பரீட்சை பார்ப்பது இல்லையா? எனக்கு இதில் கோபம் வருகிறது, மன்னியுங்கள். அவர்கள் மேல் மட்டும் இல்லை. படித்த பெண், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே!

இது ஏதோ தேரிக்காட்டு உபதேசியாரின் சொந்தச் சரக்கு என்று உங்கள் குழுவில் சொல்வார்கள். சரி, பெரிய இடத்துக்கே போவோம். 1527 ஆகஸ்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பிளேக் வந்தது. பல்கலைக்கழகமே யேனாவுக்கு இடம் மாறியது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லுத்தரையும் கிளம்பச் சொன்னார் சாக்சனி ஆட்சியாளர். லுத்தர் போகவில்லை. மனைவி கத்தரீனா பிள்ளைத்தாய்ச்சி. வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. அதே வருஷம் ஜூலையில்தான் அவரே மயங்கி விழுந்து, மனசு ஒடிந்து கிடந்தார். கொள்ளைநோய் வந்தால் கிறிஸ்தவன் ஊரைவிட்டு ஓடலாமா என்று ப்ரெஸ்லாவ் போதகர் யோகான் ஹெஸ் ஒரு தடவைக்கு மேல் எழுதிக் கேட்டிருந்தார். லுத்தர் பதில் போடாமல் இழுத்தடித்தார். (அந்த ஒரு விஷயத்தில் நானும் லுத்தரும் ஒன்று.)

கடைசியில் எழுதினார். சாவுக்குப் பயந்து தப்பப் பார்ப்பது கடவுள் மனிதனுக்கு வைத்த சுபாவம், அது பாவமில்லை. போதகர், வைத்தியர், நகர அதிகாரி மாதிரி பிறருக்குக் கடமைப்பட்டவர்கள் இருந்தாக வேண்டும், மற்றவர்கள் போகலாம். தன்னைப் பற்றியும் சொல்கிறார்: வீட்டுக்குப் புகை போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், எனக்கு வேலையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் வேண்டுமென்றால் போவேன். மருந்தே வேண்டாம், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று திரிந்தவர்களைப் பிடித்து விளாசுகிறார். அது கடவுளைச் சோதிப்பதாம். பாட்டி இதையெல்லாம் படித்தவள் இல்லை. வெந்நீர் வைத்தாள்.

மார்பில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. உங்கள் டாக்டரும் சொல்லியிருப்பார், காதில் விழுந்திருக்காது. ஊசி பயாப்சி என்றால் மரக்கப் போட்டுத்தான் எடுப்பார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப்போங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்க வேண்டாம். போகும்போது கை நடுங்கினால் நடுங்கட்டும். உபவாசம் இருக்கத்தான் வேண்டுமென்றால் ரிசல்ட் வரும்வரை இருங்கள், நான் குறுக்கே வரவில்லை.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். சொல்லிவிடுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ராத்திரி முழித்துத்தானே இருக்கும்? அடுப்படியில் விளக்கு எரிவதை இத்தனை நாளும் அவள் பார்க்காமலா இருந்திருப்பாள்?