ஈக்கு மறதி வருமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழ ஈயின் மூளை வரைபடம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒரு பூச்சியின் மூளையில் இருக்கும் அத்தனை நரம்பணுக்களையும் அவற்றின் இணைப்புகளையும் வரைந்துவிட்டார்கள் என்பது பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடித்ததும் மனம் ஒப்பவில்லை. என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கொஞ்ச காலமாக மறதி கூடிக்கொண்டே போகிறது. சில நாட்களில் நான் யார் என்று என்னிடமே கேட்கிறார். இந்த நிலையில், ஈக்களுக்கு நினைவாற்றல் சோதனை வைத்தோம், ஈக்களின் ஆயுளை நீட்டினோம் என்று படிக்கும்போது கோபம்தான் வருகிறது. நேராக மனிதர்களையே ஆராய வேண்டியதுதானே? ஈயிடம் இருப்பதை நினைவு என்று சொல்வதே சரியா? இன்னொன்று. ஈக்களின் ஆயுளைக் கூட்டியது என்று சொல்லி இணையத்தில் ஒரு மாத்திரை விற்கிறார்கள். அதை அம்மாவுக்கு வாங்கலாம் என்கிறான் என் தம்பி. வாங்கலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பெற்ற தாயே நீ யார் என்று கேட்கும் நிலையில், ஒரு பூச்சியின் மூளையைப் பார்த்து வியக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் அந்த ஈ உங்கள் அம்மாவின் பிரச்சினைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

ஈக்கு இருப்பது நினைவுதானா என்பதிலிருந்து தொடங்கலாம். 1974இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில், சீமோர் பென்சரும் அவருடைய ஆய்வகத்தில் இருந்த வில்லியம் க்வின், வில்லியம் ஹாரிஸ் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஈக்களுக்கு இரண்டு வாசனைகள். ஒரு வாசனை வரும்போது மட்டும் மின்னதிர்ச்சி. பிறகு அதிர்ச்சியே இல்லாமல் வாசனையை மட்டும் காட்டினாலும், ஈக்கள் அந்த வாசனையை விட்டு விலகின. இதை மட்டும் வைத்து நினைவு என்று சொல்லத் தயங்கலாம். அடுத்து நடந்ததுதான் என்னைப் பொறுத்தவரை தீர்மானமானது. 1976இல் அதே ஆய்வகத்தினர், இந்தப் பாடம் ஏறாத ஒரு ஈ வகையைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வாசனை தெரியும், அதிர்ச்சி உறைக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள மட்டும் முடியாது. அதற்கு ‘டன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரே ஒரு மரபணுவில்தான் பழுது. அந்த மரபணு, செல்லுக்குள் இருக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குவது என்று பின்னால் தெரிந்தது. அப்புறம் ‘ருடபேகா’ என்று இன்னொரு மறதி ஈ கிடைத்தது. அதில் பழுதாகியிருந்தது அதே மூலக்கூறை உருவாக்கும் நொதி! ஆக, அந்த மூலக்கூறு அளவுக்கு மீறினாலும் நினைவு கெடுகிறது, குறைந்தாலும் கெடுகிறது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் எரிக் காண்டெல் கடல் நத்தை ஒன்றின் நரம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈ ஆய்வாளர்கள் மரபணு வழியாக வந்து சேர்ந்த அதே மூலக்கூறுக்கு அவர் வேதியியல் வழியாக வந்து சேர்ந்தார். அதற்காக 2000இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். எலியின் மூளையிலும் அதே ஏற்பாடுதான். ஈயும் எலியும் பொது மூதாதையிலிருந்து பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. உங்கள் அம்மாவின் நினைவில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது, ஈயின் நினைவில் ஒரு வாசனைதான் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அனுபவம் நரம்பில் பதிவதற்கான அடிப்படை வேலையை இரண்டு இடத்திலும் அதே மூலக்கூறுகள்தான் செய்கின்றன. அதனால் ஈயின் நினைவு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, முதுமையில் வரும் மறதி? ஈக்கும் வருகிறது. பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆன ஈ, இளம் ஈயைப் போல வாசனைப் பாடத்தை நினைவில் வைப்பதில்லை. டோக்கியோவில் மினோரு சைட்டோவின் குழு இதைப் பல ஆண்டுகள் துரத்திப் போனது. 2007இல் அவர்கள் வெளியிட்ட முடிவைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சைக்ளிக் ஏஎம்பி தூண்டிவிடும் ஒரு நொதி உண்டு, பிகேஏ என்பார்கள். அதன் அளவைக் குறைத்த ஈக்களுக்கு முதுமை மறதி வெகுவாகத் தள்ளிப்போனது. ஆனால் அவற்றின் ஆயுள் கூடவில்லை. மற்ற ஈக்கள் சாகும் வயதில்தான் இவையும் செத்தன.

உடல் தேய்கிறது, அதோடு மூளையும் தேய்கிறது, வயதானால் எல்லாம் போகும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மேலே சொன்ன முடிவு அந்த நினைப்பை அசைக்கிறது. குறைந்தபட்சம் ஈயிலாவது, நினைவு முதுமையடைவதும் உடல் முதுமையடைவதும் தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய இரண்டு விஷயங்கள். அது மட்டுமில்லை, இளமையில் கற்றலுக்கு வேண்டிய அதே பாதைதான் முதுமையில் நினைவைக் கெடுக்கவும் செய்கிறது. உங்கள் அம்மாவுக்கு நடப்பதும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. மனித மறதி நோய்களுக்குப் பல காரணங்கள். ஆனால் ‘வயதானால் அப்படித்தான்’ என்ற பதிலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான ஆதாரங்களில் ஒன்று இந்தச் சிறு பூச்சியிடமிருந்து வந்திருக்கிறது.

நேராக மனிதர்களை ஏன் ஆராயக் கூடாது என்கிறீர்கள். ஆராய்கிறார்கள், ஆராயத்தான் வேண்டும். ஆனால் முதுமையைப் பற்றிய கேள்விக்குப் பதில் ஆயுள் முழுவதையும் பார்த்தால்தான் கிடைக்கும். மனிதர்களில் அது ஆய்வாளரின் ஆயுளையே தாண்டிப் போய்விடும். 25 டிகிரி வெப்பத்தில் பழ ஈ முட்டையிலிருந்து பத்து நாளில் முழு ஈயாகிறது. பிறகு இரண்டு மூன்று மாதம் வாழ்கிறது. ஆயிரக்கணக்கான ஈக்களைக் குழாய்களில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புது உணவுக்கு மாற்றி, செத்தவற்றை எண்ணி, கடைசி ஈ சாகும்வரை பின்தொடரலாம். குழாயைத் தட்டிவிட்டால் எல்லா ஈயும் கீழே விழும், பிறகு மேலே ஏறும். வயதாக ஆக அந்த ஏற்றம் தளர்வதை நொடிக் கணக்கில் அளக்கலாம். உணவில் நீலச் சாயம் கலந்து கொடுத்தால் பொதுவாக அது குடலோடு நின்றுவிடும். குடல் சுவர் கசியத் தொடங்கிய ஈக்கு உடல் முழுவதும் நீலமாகும். அந்த ஈக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று அர்த்தம், அதன் வயது என்னவாக இருந்தாலும். 2012இல் டேவிட் வாக்கரின் ஆய்வகத்தினர் இதைக் காட்டினார்கள். ஒரே நாளில் பிறந்த ஈக்களில் எது முதுமையில் முந்திவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்தே பிரித்தெடுக்க முடிகிறது.

இப்படி முழுதாக எண்ண முடிவதால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். குறைவாக உண்ணும் விலங்குகள் நீண்ட நாள் வாழ்வது 1930களிலிருந்தே எலிகளில் தெரிந்ததுதான். வாழ்நாள் முழுக்கக் குறைவாகச் சாப்பிட்டதால் தேய்மானம் குறைந்தது என்பது எளிதாகத் தோன்றும் விளக்கம். 2003இல் லண்டனில் லிண்டா பார்ட்ரிட்ஜின் குழு, நன்றாக உண்டு வாழ்ந்த ஈக்களை நடு வயதில் திடீரென்று குறைந்த உணவுக்கு மாற்றியது. இரண்டே நாளில் அவற்றின் மரண வாய்ப்பு, பிறந்ததிலிருந்து குறைவாக உண்ட ஈக்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. அதுவரை உண்ட உணவு எந்தத் தழும்பையும் விட்டுவைக்கவில்லை! குறைவாக உண்டு வந்த ஈக்களுக்கு நிறைய உணவு கொடுத்தால் மரண வாய்ப்பும் ஏறிவிட்டது.

இதைப் படித்ததும் அப்படியே மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் 2019இல் எலிகளில் இதே மாற்றத்தைச் செய்து பார்த்தபோது, முதுமையில் உணவைக் குறைத்த எலிகளுக்குப் பெரிதாகப் பலன் கிடைக்கவில்லை. எலியின் உடல், குறிப்பாகக் கொழுப்புத் திசு, பழைய உணவுப் பழக்கத்தை நினைவில் வைத்திருந்தது. ஈயில் உண்மையானது எலியிலேயே பாதி வழியில் நின்றுவிட்டது.

ஈ ஒரு குட்டி மனிதன் கிடையாது. அதற்கு எலும்பு இல்லை, நம்மைப் போல மூடிய ரத்தக் குழாய்கள் இல்லை, நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் எதிர்ப்பணுக்கள் இல்லை. வளர்ந்த ஈயின் உடலில் குடல் போன்ற சில இடங்கள் தவிர மற்ற செல்கள் பெரும்பாலும் பிரிவதே இல்லை. அல்சைமர் நோய் அதற்கு இயல்பாக வருவதும் இல்லை. மனித மரபணுவை அதற்குள் வைத்துத்தான் அந்தப் பாதிப்பை உண்டாக்குகிறார்கள்.

பிறகு எதற்கு ஈ என்றால், எது எதற்குப் பின்னால் நடக்கிறது என்ற வரிசையை அதில் கண்டுபிடிக்கலாம். பார்க்கின்சன் நோயில் இது நடந்தது. இளம் வயதிலேயே அந்த நோய் வரும் குடும்பங்களில் பார்கின், பிங்க்1 என்ற இரண்டு மரபணுக்கள் பழுதாகியிருப்பதை மனிதர்களிடம்தான் கண்டுபிடித்தார்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்பது தெரியாமல் இருந்தது. ஈயில் இந்த இரண்டில் எதை நீக்கினாலும் ஒரே விளைவுதான். பறக்கும் தசை கெட்டது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்தது. 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒன்றைக் காட்டின. பிங்க்1 இல்லாத ஈக்குக் கூடுதல் பார்கின் கொடுத்தால் ஈ தேறுகிறது. பார்கின் இல்லாத ஈக்குக் கூடுதல் பிங்க்1 கொடுத்தால் ஒரு பயனும் இல்லை. அதாவது பிங்க்1 சொல்கிறது, பார்கின் செய்கிறது. அதன்பின் மனித செல்களில் தேடியபோது, கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவை அடையாளம் கண்டு அப்புறப்படுத்தும் வேலைதான் அது என்று தெரிந்தது. இன்று அந்தப் பாதையைக் குறிவைத்து மருந்துகள் தேடப்படுகின்றன. நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வரிசை பிடிபட இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ.

நீங்கள் குறிப்பிட்ட வரைபடத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். 2024இல் வெளியான அந்த வரைபடத்தில் 1,39,255 நரம்பணுக்கள், ஐந்து கோடி அளவில் இணைப்புகள். அது ஒரே ஒரு இளம் பெண் ஈயின் மூளை. முதுமையில் எந்த இணைப்பு முதலில் போகிறது என்று கேட்க, வயதான ஈக்களின் மூளையையும் அப்படி வரைய வேண்டும். அந்தக் கேள்வியைத் துல்லியமாகக் கேட்கக்கூட இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது.

இனி மாத்திரை. வாங்க வேண்டாம். எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எதுவாக இருந்தாலும் என் பதில் இதுதான். மனிதர்களின் ஆயுளை நீட்டுகிறது என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ஈயில் நீட்டியது என்பதே எவ்வளவு எளிதில் தவறாகப் போகும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் ‘சர்டுயின்’ என்ற மரபணுக் குடும்பம் முதுமைக்கே சாவி என்று பேசப்பட்டது. அதைக் கூட்டினால் புழுவும் ஈயும் நீண்ட நாள் வாழ்கின்றன என்று கட்டுரைகள் வந்தன. 2011இல் டேவிட் ஜெம்ஸ், பார்ட்ரிட்ஜ் உட்படப் பலர் சேர்ந்து அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்தார்கள். ஆய்வகத்திலேயே பல தலைமுறை உள்ளுக்குள் இனப்பெருக்கம் செய்த ஈக்கள் பொதுவாகவே பலவீனமாக இருக்கும். வேறு கால்வழியோடு கலந்தாலே ஆயுள் கூடிவிடும். அதனால் ஒப்பிடும் ஈக்களின் பரம்பரைப் பின்னணியை ஒன்றாக்கிவிட்டுப் பார்த்தார்கள். ஈயில் சர்டுயினால் வந்ததாகச் சொன்ன ஆயுள் நீட்டிப்பு காணாமல் போனது. அதற்குள் அந்தக் கருத்தை நம்பிப் பெரும் பணம் மருந்துத் துறையில் இறங்கியிருந்தது. இந்தத் துறையின் மேல் எனக்கு மதிப்பு கூடியது இதனால்தான். தங்கள் கூற்றைத் தாங்களே மறுபடி எண்ணிப் பார்த்து, இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் இவர்கள். விளம்பரம் எழுதுகிறவர்கள் 2011க்கு முந்தைய கட்டுரையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நோயாளியின் பிள்ளைகளுடைய பதற்றத்தை வைத்து இப்படி வியாபாரம் செய்வதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கலாம். வயதானவர்களின் மறதியைக் கூட்டும் காரணங்களில் சில சரிசெய்யக்கூடியவை. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை, தூக்கத்துக்கோ ஒவ்வாமைக்கோ எடுக்கும் சில மருந்துகள். இவற்றையெல்லாம் பார்த்தாகிவிட்டதா என்று அம்மாவின் மருத்துவரிடம் கேளுங்கள். அம்மா சாப்பிடும் எல்லா மருந்துகளையும், கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியவை உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் தம்பியையும் அழைத்துப் போங்கள்.

அன்புடன்.