மூணாவது காளை வரவே இல்லை: ஆட்டோ-பேட்லரில் லக்கை எங்கே குறைப்பது?

கேள்வி: கோபியில் நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து போனில் ஆடும் ஆட்டோ-பேட்லர் (வீரர்களை வாங்கி அணியாக நிறுத்தினால் சண்டை தானாகவே நடக்கும் கேம்) ஒன்றைச் செய்து வருகிறோம். எட்டுப் பேர் ஆட்டம், ஷாப்பில் ஐந்து வீரர்கள், ஒரே வீரர் மூன்று சேர்ந்தால் இரண்டு ஸ்டார், அதாவது இன்னும் பலமான வீரர். காளை என்பது அந்த வீரர்களில் ஒன்று. கல்லூரியில் போட்டி வைத்தபோது நன்றாக ஆடுகிறவர்களே, "ரெண்டு காளையை வெச்சுட்டு உக்காந்திருக்கேன், மூணாவது வரவே மாட்டேங்குது, எல்லாம் லக்குங்க" என்று எழுந்து போய்விட்டார்கள். ரேண்டமையே எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள் தம்பி. சண்டை ஆரம்பித்த பிறகு ஆடுபவர் கை வைக்க முடியாத ஆட்டம் இது. ஷாப்பில் வந்ததைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவதுதான் இதில் திறமையே. அதையும் எடுத்துவிட்டால் இரண்டே வாரத்தில் எல்லோரும் ஒரே அணியை மனப்பாடமாக அடுக்குவார்கள்.

ஆனால் அந்தப் பையன்கள் சொல்வதும் நியாயம்தான். தாயம் ஆடியிருப்பீர்கள். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம், ஆக 16 விதத்தில் இரண்டு விதம்தான் தாயம். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமலிருக்க 26 சதவீத வாய்ப்பு, அதாவது நாலு பேர் உட்கார்ந்தால் ஒருவர் காயே இறக்காமல் வேடிக்கை பார்ப்பார். எங்கள் வீட்டில் அது எப்போதும் தங்கச்சிதான், கண்ணில் தண்ணீர் முட்டும், ஏழு தடவைக்கு மேல் போனால் அம்மாயி "போதும், எறக்கிக்க கண்ணு" என்று காயைத் தானே எடுத்து வைத்துவிடும். ஏழு வரைக்கும் விதி, அதற்கு மேல் ஒரு தரை, இதற்குக் கீழே யாரும் விழ முடியாது என்ற எல்லை. உங்கள் கேமில் அந்தத் தரை இல்லை.

அதை எங்கே போடுவது என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: ரேண்டம் முடிவெடுப்பதற்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா. மஞ்சள் நடவுக்கு முன் மழை பெய்தால் அதற்கேற்ப எதையாவது மாற்றிக்கொள்ளலாம். வேகவைத்துக் களத்தில் காயப்போட்ட மஞ்சள் மேல் பெய்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஷாப் நடவுக்கு முந்தைய மழை, சண்டைக்குள் உருளும் பகடை களத்து மழை.

ஷாப்பை முதலில் பார்ப்போம். ஒரு விலையில் 20 வகை வீரர்கள் இருந்து ஷாப்பின் ஐந்து கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குலுக்கினால், எட்டு ஷாப் புரட்டியும் காளை கண்ணிலேயே படாமல் போக கிட்டத்தட்ட 13 சதவீத வாய்ப்பு. டெட்ரிஸ் இதை அழகாகத் தீர்த்தது: ஏழு வடிவங்களையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கி, பை காலியான பிறகுதான் அடுத்த பை. இங்கே முழுப் பையும் வேண்டாம், நாலு ஷாப்புக்குள் எல்லாம் வந்தே தீரும் என்றால் அவசரமே போய்விடும். இரண்டு ஷாப்புக்கு ஒரு பை வையுங்கள், பத்து கட்டத்திலும் பத்து வேறு வகை. அதே 13 சதவீதம் 6 சொச்சத்துக்கு இறங்கும். எட்டுப் பேரும் எடுக்கும் பொதுக் குவியலில் எது எத்தனை மிச்சமோ அதற்கேற்ற வாய்ப்பு அப்படியே இருக்கட்டும். இரண்டு காளை வைத்திருப்பவருக்கு மட்டும் ரகசியமாக வாய்ப்பைக் கூட்டும் வேலை வேண்டவே வேண்டாம், எதிராளிகளின் பலகையைப் பார்த்துக் காளை எத்தனை போச்சு என்று எண்ணி ஆடுகிறவரின் உழைப்பு அதில் வீணாகிவிடும்.

சண்டையில் கொஞ்சம் கடுமையாகவே கை வையுங்கள். 25 சதவீத கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலமாக விழும் அடி) உள்ள வீரர் எட்டு அடி அடித்தும் ஒன்றுகூட விழாமல் போக 10 சதவீத வாய்ப்பு, அந்தப் பத்தில் ஒன்றுதான் ஆளை எழுந்து போக வைக்கிறது. வார்கிராஃப்ட் 3, டோட்டா 2 என்ற கேம்களில் உள்ள முறையை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் அடிக்கு 8.5 சதவீதத்தில் தொடங்கி, விழாத ஒவ்வொரு அடிக்கும் இன்னொரு 8.5 கூட்டி, விழுந்ததும் பழையபடி ஆரம்பம். நீண்ட கணக்கில் அதே 25 சதவீதம்தான், ஆனால் எட்டும் வெறும் அடியாகப் போவது 1.4 சதவீதமாகச் சுருங்குகிறது. ஒரு இடத்தில் மட்டும் கவனம்: ஒவ்வொரு சண்டையிலும் எண்ணிக்கையைப் புதிதாக ஆரம்பித்தால் சின்னச் சண்டைகளில் கிரிட்டிகல் 25-க்குக் கீழே போய்விடும், அதனால் போன சண்டையில் விட்ட இடத்திலிருந்தே தொடரவிடுங்கள். அப்புறம் யாரை அடிப்பது என்பதை ரேண்டமாக விடாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் என்று வைத்தால் எங்கே நிறுத்துவது என்பதற்கு அர்த்தம் வரும்.

மற்றவை சின்ன வேலைகள். வீரர்களுக்கு மாட்டும் பொருள்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் விழட்டும், என்ன என்பது மாறட்டும். டீம்ஃபைட் டாக்டிக்ஸ் என்ற ஆட்டோ-பேட்லரில் உயிர் குறைந்தவர் முதலில் பொறுக்கும் சுற்று ஒன்று உண்டு, அதுவும் நல்ல ஏற்பாடு. ஒரே எதிராளி அடுத்தடுத்து வரக்கூடாது.

மாற்றும் முன் ஒன்று செய்யுங்கள். போட்டியில் தகராறு வந்த சண்டைகளில் பத்தை எடுத்து, அதே இரண்டு அணிகளை ஆயிரம் தடவை ஓடவிட்டு, ஒரு பக்கம் எத்தனை ஜெயித்தது என்று குறியுங்கள். சம பலம் என்றால் பாதிக்குப் பாதி வரட்டும், தப்பில்லை. நீங்கள் மூவருமே பார்த்தவுடன் "இதுதான் ஜெயிக்கும்" என்று சொன்ன அணி ஆயிரத்தில் முன்னூறு தோற்றால், முதலில் திறக்க வேண்டியது சண்டையை நடத்தும் புரோகிராம்தான், ஷாப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.