பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் வலி மாத்திரை கேட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: நான் மருந்தாளுநர். மாதாமாதம் மருந்து வாங்க வரும் 64 வயது அம்மா ஒருவர் பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற நீர் மாத்திரை 12.5, இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 (எல்லாம் மி.கி.) சாப்பிடுகிறார். முழங்கால் தேய்மான வலிக்காக மூன்று வாரமாக ஐபுப்ரோஃபென் 400 தினமும் இரண்டு போடுகிறாராம், இன்னும் ஒரு அட்டை கேட்கிறார். நன்றாக இருந்த பிரஷர் இப்போது 152/92. "பிரஷர் மாத்திரை பத்தவில்லை போலிருக்கிறது" என்கிறார். கொடுக்கலாமா? மறுத்தால் பதிலுக்கு என்ன சொல்வது?

பதில்: கொடுக்காதீர்கள். பிரஷர் மாத்திரை பத்தவில்லை என்ற முடிவுக்கும் இப்போதே போக வேண்டாம், ஏனென்றால் பிரஷரை ஏற்றியது அந்த ஐபுப்ரோஃபெனாகவே இருக்கலாம், அதைச் சந்தேகிக்காமல் விட்டால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது டெல்மிசார்டன் 80 ஆகும், அதற்கு மேல் இன்னொரு மாத்திரை சேரும், வலி மாத்திரை மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸன் எல்லாமே உடம்பில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளான்டின் என்ற வேதிப்பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. அதே புரோஸ்டாகிளான்டின்தான் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற உதவுகிறது. அது குறைந்தால் உப்பு உடம்பிலேயே தங்கும், பிரஷர் ஏறும், கணுக்கால் வீங்கும். ஏற்கெனவே பிரஷருக்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சராசரியாக 5 புள்ளி வரை ஏறும் என்பார்கள். சராசரி அவ்வளவுதான், சிலருக்கு அதைவிட நன்றாகவே ஏறும். டெல்மிசார்டன் மாதிரியான மருந்துகளும் நீர் மாத்திரைகளும் இதில் அதிகம் அடிபடும், வேறு வகை பிரஷர் மருந்தான அம்லோடிபின் அவ்வளவாக அடிபடாது.

ஆனால் என்னை அதிகம் கவலைப்படுத்துவது பிரஷர் அல்ல, சிறுநீரகம்.

சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு நாளத்தை விரித்து வைப்பது புரோஸ்டாகிளான்டின். வெளியே போகும் நாளத்தை இறுக்கிப் பிடித்து உள்ளே அழுத்தத்தைக் காப்பது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். அந்த இறுக்கத்தை டெல்மிசார்டன் தளர்த்திவிடுகிறது. ஹைட்ரோகுளோரோதயாசைடு உடம்பில் ஓடும் நீரின் அளவையே குறைக்கிறது. இவை இரண்டு மட்டும் இருந்தால் சிறுநீரகம் எப்படியோ சமாளிக்கும். மூன்றாவதாக வலி மாத்திரை வந்து உள்ளே வரும் நாளத்தையும் சுருக்கிவிட்டால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போய்விடும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும், டெல்மிசார்டனும் கூட இருப்பதால் பொட்டாசியமும் ஏறலாம். சேர்த்து எடுக்கத் தொடங்கிய முதல் மாதத்தில்தான் இந்த ஆபத்து அதிகம், அந்த அம்மா இப்போது சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறார். பெரும்பாலும் வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. நடுவில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து நீர் வற்றினால் திடீரென்று சிறுநீர் குறையும், அப்போதுதான் தெரிய வரும்.

ஆஸ்பிரினும் இருக்கிறது. அதை நீங்கள் கேள்வியில் சேர்த்தது ரொம்ப நல்லது, பலர் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுவில் போய் ஒட்ட வேண்டிய இடத்தை ஐபுப்ரோஃபென் முந்திக்கொண்டு அடைத்துவிடும். தினமும் இப்படி நடந்தால் இதயத்துக்காகப் போடும் ஆஸ்பிரினின் பலன் குறையும், வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும் வாய்ப்போ கூடும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

சரி, பதிலுக்கு என்ன? வெறுமனே "கூடாது" என்று அனுப்பினால் அவர் வேறு எங்காவது வாங்கிவிடுவார், வலி நிஜமானது. முழங்காலுக்கு நான் முதலில் சொல்வது டைக்ளோஃபெனாக் ஜெல். 1 சதவீத ஜெல் என்றால் ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 4 தடவை வரை பூசலாம். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம், சுமார் 6 சதவீதம்தான். பட்டாணி அளவு தடவிவிட்டு பலன் இல்லை என்பவர்கள்தான் அதிகம், அதனால் அளவைக் காட்டிக் கொடுங்கள். அவருடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று இன்னும் தெரியாததால், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு இதைத் தொடங்குவது நல்லது. அதுவரை பாராசிட்டமால். 500 மி.கி. அல்லது 1 கிராம், தடவைக்குத் தடவை குறைந்தது 4 மணி நேர இடைவெளி. நாளுக்கு 4 கிராம் என்பது உச்சவரம்பு, ஒல்லியான வயதானவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், தினமும் குடிப்பவர் என்றால் அதைவிடக் குறைக்க வேண்டும். தேய்மான வலிக்கு இது பெரிதாகக் கேட்காது என்பது உண்மைதான், அதை அவரிடமும் சொல்லிவிடுங்கள். தொடை முன்தசைக்கான பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும் மாத்திரையைவிட நீண்ட நாள் கைகொடுக்கும்.

இரண்டு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பாராசிட்டமாலில் சோடியம் நிறைய, ஒரு மாத்திரையிலேயே சுமார் 400 மி.கி. இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சோடியம் 2 கிராமுக்குள் என்கிறது, பிரஷர்காரருக்கு நுரைக்கும் மாத்திரை வேண்டாம். அப்புறம், ஐபுப்ரோஃபென் வகையைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த கூட்டு மாத்திரை. "இது பாராசிட்டமால்தானே" என்று நினைத்து எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன பிரஷர், சிறுநீரக, வயிற்று ஆபத்துகள் அப்படியே உண்டு. இன்னொரு வலி மாத்திரையான எட்டோரிகாக்ஸிப் வயிற்றுக்குக் கொஞ்சம் இதம் என்று அதற்கு மாற்றிவிடவும் கூடாது, பிரஷர் 140/90-க்கு மேலேயே நிற்பவர்களுக்கு அது கொடுக்கவே கூடாத மருந்து.

அந்த அம்மாவிடம் இன்றே ஐபுப்ரோஃபெனை நிறுத்தச் சொல்லுங்கள், மற்ற மூன்றையும் அவராக நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம் பார்க்க வேண்டும். மூன்று வார ஐபுப்ரோஃபென் கதையை ஒரு சீட்டில் நீங்களே எழுதி அவருடைய டாக்டருக்குக் கொடுத்தனுப்புங்கள், ஏனென்றால் கடையில் தானாக வாங்கிய மாத்திரையை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து உட்கார வைத்து, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி பிரஷர் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் டோஸைக் கூட்டுவது பற்றிய பேச்சு.