இழவு வீட்டு முகத்தோடு தலைவரா?

கேள்வி: இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். வயது 38. போன மாதம் எங்கள் கமக்காரர் அமைப்புக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். சின்ன வயதிலிருந்தே நான் யோசனைக்காரன், சிரிப்பு லேசில் வராது. சிறுபோகத் தண்ணீர்ப் பங்குக் கூட்டம் முடிந்தால் இரண்டு நாளைக்கு ஒருவரையும் பார்க்கப் பிடிக்காது. தேடி வருபவர்களிடம் 'அவர் இல்லை' என்று மனைவியைச் சொல்லச் சொல்கிறேன். நேற்றும் ஒரு பெரியவர் பங்குப் பட்டியலோடு படலையில் நின்றுவிட்டுப் போனார். 'இழவு வீட்டு முகத்தோடு தலைவரா?' என்கிறார்கள். விலகிவிடவா?
- ஒரு வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, முகத்துக்காக விலக வேண்டாம். அரசியலிலும் தத்துவத்திலும் கவிதையிலும் பெயரெடுத்தவர்கள் ஏன் கரும்பித்தக்காரராகவே இருக்கிறார்கள் என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய நூலொன்று கேட்கிறது. நம் பரியாரியார் சொல்லும் வாத, பித்த, கபம் போல கிரேக்கர்களுக்கு நாலு; அதில் ஒன்று கரும்பித்தம். மனச்சோர்வு கரும்பித்தத்தின் வேலை என்று நம்பினார்கள். (உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பித்தம் கூடியவரெல்லாம் நாடாளவில்லை!)

எனக்கு உறுத்தியது அந்த 'அவர் இல்லை'தான். இரண்டாம் ருடோல்ஃப் என்று ஒரு பேரரசர், 1583இல் வியன்னாவை விட்டுப் பிராகாவுக்கு அரண்மனையை மாற்றினார். ஓவியமும் ரசவாதமும் தெரிந்த மனிதர். ஆனால் சோர்வு கூடக் கூட ஆட்களைப் பார்க்காமல் உள்ளே ஒதுங்கினார். தம்பி மத்தியாஸ் 1608இல் ஹங்கேரியையும் ஆஸ்திரியாவையும், 1611இல் பொஹீமியாவையும் எடுத்துக்கொண்டார்.

ஆபிரகாம் லிங்கனோ 1841இல், உயிரோடிருப்பவர்களில் தன்னைவிடத் துயரப்பட்டவன் இல்லை என்று நண்பருக்கு எழுதினார். இன்னொரு நண்பர் ஜோஷுவா ஸ்பீட், பயந்து அவருடைய சவரக் கத்தியை அப்புறப்படுத்தினாராம். இருபது வருடம் கழித்து ஜனாதிபதி; அப்போதும் முகத்தில் அதே வாட்டம். ஆனாலும் போருக்கு நடுவில், வேலை கேட்டு வந்தவர், மகனுக்காக அழுது வந்த தாய் என்று சாதாரண சனத்தை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கூட்டம் முடிந்த அன்று யாரையும் பார்க்க வேண்டாம், குளக்கட்டில் தனியே நடந்துவிட்டு வாருங்கள். மறுநாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் விறாந்தையில் கதிரை போட்டு இருங்கள். சிரிக்கத் தேவையில்லை, காது கொடுத்தால் போதும். வாயாடுகிற வேலையைச் செயலாளரிடம் விடலாம். ஆனால் நித்திரையும் சாப்பாடும் கெட்டு, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அது குணமில்லை, வருத்தம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

முதலில் அந்தப் பெரியவருக்குச் சொல்லியனுப்புங்கள், பட்டியலோடு வரட்டும்.